ஒரு மாதிரி இருக்கு

கண்ணாடித் தடுப்பின் அடியில் உள்ள அரைவட்டத் துளைக்கு வலது காதைக் கொடுத்துவிட்டுத்தான் சீட்டக்கா கேட்பார்: "சொல்லுங்க, உடம்புக்கு என்ன பண்ணுது?" முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் ஆட்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், காதைப் பார்த்தால் உள்ளதைச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. பத்தொன்பது வருடம் இப்படியே கேட்டுக் கேட்டுக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அதே சாய்வுதான். "எதிர்ல உக்காந்திருக்கறது நான். கொஞ்சம் நிமிந்து பாரு, நான் ஒண்ணும் பேஷண்ட் இல்ல" என்பார் பேருந்து ஓட்டும் கணவர்.

பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் முதல் கவுண்டர் அவருடையது. சட்டையில் குத்திய பட்டையில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கிறது, அதை யாரும் வாசித்ததில்லை. வந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர், அதனால் சீட்டக்கா. அவரைவிட வயதில் மூத்த காவலாளிக்கும் அக்கா, மகப்பேறு வார்டில் பிறந்து இப்போது தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவளுக்கும் அக்கா.

கணினி வருவதற்கு முன்பு அந்தச் சீட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புத் தாள். பெயர், வயது எழுதி, அதற்குக் கீழே நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. மற்ற கவுண்டர்களில் "வயிற்று வலி" என்று எழுதி அனுப்புவார்கள். சீட்டக்கா எழுத மாட்டார். பிசைகிறதா, காந்துகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, சுருக்கென்று குத்திவிட்டு ஓடிப்போகிறதா என்று தெரியாமல் வலி என்று எழுதுவது அவருக்குத் திருட்டு வேலை மாதிரி. புதிதாக வந்த டாக்டர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் முதல் கவுண்டர் சீட்டுகளைத் தனியாகப் பொறுக்கி எடுப்பார்கள்.

ஆட்கள் தங்கள் தொழிலிலிருந்துதான் வலிக்குச் சொல் எடுக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். லாரி ஓட்டுநர், "முட்டியில கிளச் பிடிக்க மாட்டேங்குது" என்றார். தையல்கார அம்மா, "நூல் கோக்காத ஊசி உள்ள போயிட்டு வருது" என்றாள். கொத்தனார் ஒருவர் முதுகைக் காட்டி, "உள்ள யாரோ சாரம் கட்டிட்டு இருக்கான், அவிழ்க்கவே மாட்டேங்கறான்" என்றார். இதையெல்லாம் கைப்பைக்குள் கிடக்கும் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொள்வார். பேருந்தில் முன் இருக்கைக்காரர் பக்கத்து ஆளிடம் மூட்டுவலி பற்றிப் புலம்பினால் தோளைத் தட்டி, "இப்ப என்ன சொன்னீங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஆள். கணவர் ஓட்டும் பேருந்து என்றால் அவர் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் அவர் அதிகம் பயந்தது ஒரே ஒரு பேச்சுக்குத்தான். "சொல்லத் தெரியலக்கா, ஒரு மாதிரி இருக்கு."

இதைக் கேட்டதும் கறுப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுப்பார். "ஒரு மாதிரி" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, அந்தச் சீட்டைக் கட்டின் தலையில் வைப்பார். டாக்டர்கள் அதை முதலில் கூப்பிடுவார்கள். விதிப் புத்தகத்தில் இல்லாத வழக்கம், ஆனால் பத்தொன்பது வருடம் நடந்த வழக்கம். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிருவாங்க. வாயில வார்த்தையே வரலன்னா, அந்த உடம்பு இதுவரைக்கும் பார்க்காத எதையோ பார்க்குதுன்னு அர்த்தம். அவங்களை உக்கார வைக்கக் கூடாது" என்பார்.

பிறகு கணினி வந்தது. அதை நிறுவ வந்தவர் நல்ல மாதிரியான ஆள்தான், யாரிடமும் கோபப்படவில்லை. திரையில் பதினான்கு சொற்கள். காய்ச்சல், இருமல், வலி, வாந்தி, வயிற்றெரிச்சல், வீக்கம், சோர்வு என்று வரிசையாகக் கீழே போய், கடைசியில் மற்றவை. எந்தச் சொல்லை அமுக்கினாலும் அடுத்து ஒரு கட்டம் வரும், அதில் எவ்வளவு கடுமை என்று ஒன்றிலிருந்து பத்து வரை ஓர் எண் போட வேண்டும். பெரிய எண் முன்னால் போகும், சின்ன எண் பின்னால் போகும். நோயாளி சொன்னதும் இல்லை, சீட்டக்கா எழுதியதும் இல்லை, அச்சாகி வருவதுதான் இனிச் சீட்டு.

"குடைச்சல் எங்க?" என்று கேட்டார் சீட்டக்கா.

"வலியில வந்துரும்க்கா."

"மரமரப்பு?"

"அதுவும் வலிதான்."

"மரத்துப் போனா வலிக்காதேப்பா."

அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "மற்றவைல போட்டுருங்க" என்றார்.

சீட்டக்கா போட்டார். தாராளமாகப் போட்டார். மாதம் முடிந்ததும் கண்காணிப்பாளரின் அறையிலிருந்து ஒரு மெமோ வந்தது. ஒரு நாள் பதிவில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் "மற்றவை" இருந்தால் பணியாளர் விளக்கம் தர வேண்டுமாம். அவருடையது முப்பத்தொன்று. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கவுண்டர் கவுண்டராகப் போனார். "பாத்தீங்களா, நூத்துக்கு அஞ்சு பேருக்கு மேல புது விதமா நோகக் கூடாதாம். ஆறாவது ஆள் வந்தா அவனைப் பழைய விதமா நோகச் சொல்லணுமாம்."

எண் கேட்பது அதைவிடக் கூத்தாக இருந்தது. பாதிப் பேர் அதை டோக்கன் எண் என்று நினைத்து ஒன்று என்றார்கள், முதலில் போகலாம் என்ற ஆசையில். விவரம் தெரிந்தவர்கள் நகக்கண்ணில் சின்னக் கீறலுக்குப் பத்து கேட்டு வாதாடினார்கள். மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, "ஒரு மூணு போட்டுக்கங்க" என்றார். வெட்கப்படுகிறவன் பின்னால் போக வேண்டும், கூச்சல் போடுகிறவன் முன்னால் போக வேண்டும் என்று ஒரு பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்து, அதற்கு ஒழுங்கு என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

நான்கு மெமோ வந்தது. ஐந்தாவது வந்தால் பதிவேட்டுக் கிடங்குக்கு மாற்றம் என்று கண்காணிப்பாளர் நேரில் கூப்பிட்டுச் சொன்னார். கிடங்கில் ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு, வேலையும் குறைவு. பேச ஓர் ஆள்கூட வர மாட்டார். சீட்டக்காவுக்கு அது காதை அறுத்து வைப்பது போல. அன்றிலிருந்து அவருடைய மற்றவை நூற்றுக்கு நான்கு ஆனது. கண்காணிப்பாளர் வராண்டாவில் பார்த்துச் சிரித்தார்.

அப்படி அவர் திருந்தி வந்த காலத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினொன்றுக்கு, மாணவர் விடுதியில் சமைக்கும் அம்மா ஒருவர் துளைக்கு முன் வந்து நின்றார். வரிசை வாசல்வரை நின்றது. சீட்டக்கா காதைக் கொடுத்தார்.

"ஒரு மாதிரி இருக்குங்க. வலின்னு சொல்ல முடியாது. பெரிய அண்டாவை இறக்கி நெஞ்சு மேல வச்ச மாதிரி. தாடையை யாரோ பிடிச்சு இழுக்கறாங்க. அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வர்றேன், ஞாபகம் வரல."

சிவப்புப் பேனா இழுப்பறையில் இருந்தது. திரையின் ஓரத்தில் அன்றைய மற்றவை நான்கு புள்ளி எட்டு என்று காட்டியது. சீட்டக்கா சோர்வு என்பதை அமுக்கினார். "பத்துக்கு எத்தனைம்மா?"

"என்னத்தைச் சொல்றது. ரெண்டு போடுங்க. பின்னால நிக்கறவங்களுக்கு நேரமாகுது பாருங்க."

குளிர்ந்த காலை அது. அந்த அம்மாவின் கழுத்தெல்லாம் வியர்வை என்று பின்னால் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். காதை நீட்டிக்கொண்டிருந்த சீட்டக்கா முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு என்ற எண்ணோடு அந்த அம்மா இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், யாரையும் தொந்தரவு செய்யாமல். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் மடியில் சரிந்தார். டாக்டர் ஓடி வந்தார், தள்ளுவண்டி வந்தது, எல்லாம் வந்தது, உயிர் மட்டும் திரும்பி வரவில்லை. இதயம் காலையிலிருந்தே நின்று நின்று ஓடியிருக்கிறது என்றார்கள்.

மறுநாள் கண்காணிப்பாளர் ஒரு தாளை நீட்டினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "நோயாளி தமக்கு வலி இருப்பதாகப் பதிவின்போது தெரிவிக்கவில்லை." கீழே சீட்டக்கா கையெழுத்துப் போட ஒரு கோடு.

"உண்மைதானேம்மா? நீங்களே சொன்னீங்க, வலின்னு சொல்ல முடியாதுன்னாங்கன்னு."

உண்மைதான். ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் சீட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி நின்று நிதானமாக ஐந்து வாக்கியம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அவள் சொல்லாத ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துப் பதிவு செய்கிறது இந்த ஆஸ்பத்திரி.

"அவங்க சொன்னதையும் எழுதுங்க சார், கையெழுத்துப் போடறேன்."

"அதுக்குப் பாரத்துல இடமில்லம்மா. பட்டியல்ல இல்லாத ஒண்ணை நாம எப்படித் தெரிஞ்சுக்க முடியும்?"

"காதால சார். நான் தெரிஞ்சுக்கிட்டேனே. தெரிஞ்சுக்கிட்டுத்தான் சோர்வுன்னு அமுக்கினேன். அந்தப் பாவத்துக்கும் உங்க பாரத்துல இடமில்ல."

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள், அவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் செய்தாக வேண்டும். "நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. எதையும் எழுதி மட்டும் யார்கிட்டயும் குடுத்துராதீங்க. அப்புறம் கிடங்கு இல்ல, வீடுதான்" என்றார். சீட்டக்கா தாளைக் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. "வயிறு எரியுதுங்க" என்றார் கணவரிடம். பிறகு அவரே, "பட்டியல்ல அது மட்டும் இருக்கு, ஆனா இது அது இல்ல" என்றார். கணவர் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

பத்தாம் நாள் அந்த அம்மாவின் மகள் முதல் கவுண்டருக்கு வந்தாள். பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறவள். கையில் ஆஸ்பத்திரி திருப்பிக் கொடுத்த காகிதங்கள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அச்சடித்த சீட்டைத் துளைக்குள் தள்ளினாள்.

"இதுல சோர்வுன்னு போட்டிருக்குங்க. எங்கம்மா ஒருநாளும் சோர்வுன்னு சொன்னதில்ல. அந்த வார்த்தையே அவங்க வாயில வராது. மேல போய்க் கேட்டா, வலி இல்லன்னு சொன்னாங்கன்னு மட்டும் சொல்றாங்க. இங்க அவங்க என்னதான் பேசினாங்க? அதுக்கப்புறம் அவங்க யார்கிட்டயும் பேசலையாம்."

வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். கண்காணிப்பாளரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. சீட்டக்கா முதல்முறையாகத் துளையிலிருந்து காதை எடுத்து, கழுத்தை நிமிர்த்தி, கண்ணாடி வழியே எதிரில் நின்ற முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு சொல் விடாமல் சொன்னார். அண்டா, தாடை, அடுப்பு, பின்னால் நிற்பவர்கள், எல்லாம்.

"அணைச்சிருந்தாங்க" என்றாள் மகள். "அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்திருக்காங்க. பாத்திரத்தைக்கூட மூடி வச்சிருந்தாங்க." பிறகு, "இதை எழுதித் தருவீங்களா? எழுத்துல இல்லாததை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

சீட்டக்கா பாதி திறந்த கதவை ஒரு தடவை பார்த்தார். சீட்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார். அந்த அம்மா சொன்ன ஐந்து வாக்கியங்களையும் அவர் சொன்னபடியே எழுதினார். அதற்குக் கீழே, "இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சோர்வு என்று பதிந்தது நான்" என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு, கவுண்டர் முத்திரையை மையில் அழுத்திக் குத்தினார். மகள் கையை நீட்டினாள். சீட்டக்கா கொடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். தாளை முன்பக்கம் திருப்பி, அச்சாகியிருந்த "சோர்வு – 2" என்ற வரியை ஒரே இழுப்பில் அடித்தார். அதற்கு மேலே "ஒரு மாதிரி" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.