சில்லென்று ஒரு தம்ளர் சாறு

என் கணவர் அந்தோணியின் கை எப்போதும் சில்லென்றிருக்கும். காசிமேட்டுப் பக்கம் மீனுக்கு ஐஸ் செய்கிற ஒரு ஃபாக்டரியில் பாளம் தூக்குவது அவர் வேலை. ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கையை என் கழுத்தில் வைத்து வம்பு செய்வார். நான் தட்டிவிட்டு நாலு வார்த்தை திட்டுவேன். ஒரு நாள் மாலை நான் தட்டிவிடவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். என் நோய் அப்படித்தான் வெளியே தெரிந்தது.

இது எழுபதுகளில் நடந்தது. மகள் ஸ்டெல்லா அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சலில் கிடக்க, அவர்களுக்காக நீங்கள் அடுக்களையில் சாறு பிழிந்துகொண்டிருக்கலாம். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காய்ச்சல் ஒரேயடியாக அடிக்கவில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நாக்கில் வெள்ளை படிந்தது, வயிறு உப்பியது, சோற்று வாசனையே குமட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) என்றார்கள். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சூடு இறங்கிய பிறகு மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா அந்தோணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“குடல் இன்னும் புண்ணாத்தான் இருக்கு. கெட்டியா எதுவும் குடுக்காதீங்க. கஞ்சித் தண்ணி, பழச்சாறு, கேரட் சாறு, இவ்வளவுதான். சக்கை உள்ள போகக் கூடாது. எல்லாத்துக்கும் கொதிச்சு ஆறின தண்ணி. சுத்தம்தான் முக்கியம்.”

“நான் பாத்துக்கறேன் டாக்டரம்மா,” என்றார் அவர்.

அதுவரை ஒரு தம்ளர் காப்பி போட்டறியாதவர். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாத்துக்குடியைத் தோலோடு வெந்நீரில் கழுவுவார். குறுக்கே வெட்டி, நடுவில் கூம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துத் திருகிப் பிழிவார். கேரட்டைத் துருவி, வேகவைத்து உலர்த்திய மல் துணியில் போட்டு முறுக்குவார். பாளம் தூக்கிய கை அது. துணிக்குள் சக்கை மரத்தூள்போல் வறண்டுவிடும். பிறகு இன்னொரு முறை வடிகட்டுவார். பீட்ரூட் சாற்றைக் கொண்டுவந்த அன்று, கசாப்புக் கடை மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாமல் அதில் எலுமிச்சை பிழிந்து, நிறம் வெளுத்துவிட்டதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

எனக்கு எதுவும் இறங்கவில்லை. வாய் முழுக்கக் கசப்பு. வெதுவெதுப்பாகத் தொண்டையைத் தொட்டதும் சாறு திரும்பி வந்துவிடும். எழுந்து நின்றால் கால் துவண்டது. கண்ணாடியில் என் கன்ன எலும்பைப் பார்த்து நானே பயந்தேன்.

“சில்லுனு இருந்தா குடிப்பேன்யா,” என்று ஒரு நாள் சொன்னேன்.

மறுநாள் சாக்குத் துணியில் மரத்தூள் போட்டுச் சுற்றி ஒரு துண்டு ஐஸ் கொண்டுவந்தார்.

“மீனுக்குப் போடறதாச்சேய்யா, குடிக்கலாமா?” என்றேன்.

“இன்னாமே இப்டி கேட்டுகினு கீற? புடிச்ச மீனு நாள் கணக்கா கெடக்குது, கண்ணு பளபளன்னு அப்டியே கீது. மீனையே கெட வுடாத ஐஸு. அதுல இன்னா கெட்டது நிக்கும்?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் சரியென்றுதான் பட்டிருக்கும். ஐஸ் படாத மீன் மதியத்துக்குள் நாறுவதையும், ஐஸில் கிடந்த மீன் நாளெல்லாம் விறைப்பாக இருப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அழுகலுக்கு எதிரி ஐஸ் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். அவர் அந்தத் துண்டில் ஒட்டிய மரத்தூளைக்கூடக் கொதித்து ஆறின தண்ணீர் ஊற்றித்தான் கழுவினார்.

அந்தச் சாறு இறங்கியது. குளிர்ச்சி நெஞ்சுக்குள் வழிந்து போனபோது பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். தினமும் குடித்தேன். ஸ்டெல்லா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். மீதியை அவளுக்குத் தருவேன். நான் குடித்த தம்ளரில் வேண்டாம் என்று அந்தோணி அவளுக்குத் தனியாக ஊற்ற ஆரம்பித்தார். பிள்ளைக்கும் உடம்புக்கு நல்லதுதானே என்றார்.

கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் திரும்பியது. அவர் இன்னும் அதிகமாகப் பிழிந்தார், இன்னும் பெரிய துண்டாகக் கொண்டுவந்தார். ஸ்டெல்லாவின் நெற்றியும் சுடத் தொடங்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மாவும் பிள்ளையும் என்பதால் அடுத்தடுத்த கட்டில் கொடுத்தார்கள்.

அங்கேயும் தூக்குவாளியில் சாறு வந்தது. அவர் அதைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தோணி ஒன்று விடாமல் சொன்னார். வெந்நீரில் கழுவுவது, மல் துணியை வேகவைப்பது எல்லாம். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே தம்ளரைக் கையில் எடுத்தார். அதன் வெளிப்புறம் வியர்த்திருந்தது.

“வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?”

“இல்ல டாக்டரம்மா. நான் ஐஸ் ஃபாக்டரில கீறேன். அங்கேந்து எடுத்தாறேன்.”

“அந்த ஐஸுக்குத் தண்ணி எங்கேருந்து எடுக்கறாங்க?”

“அங்கயே கெணறு கீது,” என்றார். “கால்வா ஓரமா...” அந்தக் கால்வாயில் என்னென்ன கலக்கிறது என்று அவருக்குத் தெரியாதா.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உறைஞ்சா கிருமி சாகாதுப்பா, தூங்கும். உருகினதும் எழுந்துக்கும்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குத் தானாவே திரும்பியும் இருக்கலாம். சில பேருக்கு அப்படி வரும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்,” என்றார். ஸ்டெல்லாவைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அந்தோணிமேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். சில்லென்று கேட்டதே நான்தான் என்பது நினைவுக்கு வரும்போது அந்தக் கோபம் திரும்பி என்மேல் பாயும். இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. குடலில் புண் ஆழமாகிவிட்டது, பெர்ஃபரேஷன் (குடலில் ஓட்டை விழுவது) ஆனால் ஆபரேஷன்தான், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. குச்சிக் கையில் சலைன் (உப்பு நீர்) ஏற்றினார்கள். உதடு வெடித்துக் கிடந்த பிள்ளை அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“நைனா, ஐஸு போட்டு ஜூஸு குடு நைனா.”

“இல்ல கண்ணு.”

“கொஞ்சூண்டு நைனா. நான் அழ மாட்டேன்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். வராந்தாவுக்குப் போய்விட்டால் அவள் குரல் கேட்காது. ஆனால் போகவில்லை. கைகள் இரண்டையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

என்னை எடுத்துக்கொண்டு இவளை விட்டுவிடு என்று மாதாவிடம் கேட்டேன். அடுத்த நிமிடமே, நான் போய்விட்டால் இவளுக்கு யார் என்று பயந்து, கேட்டதைத் திருப்பிக் கொடு என்றேன். பிறகு ஜெபமும் வரவில்லை. அவள் வயிறு மேலே எழுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அது விறைத்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். கை நீட்டித் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு உடம்பு இருந்ததாகவே நினைவில்லை. என் காய்ச்சல் எப்போது இறங்கியது என்று இன்றுவரை தெரியாது.

அந்த வயிறு விறைக்கவில்லை. ரத்தம் குறைந்தது, ஒரு நாள் நின்றது. முதல் கரண்டி பார்லித் தண்ணீரை டாக்டரம்மாவே ஊட்டினார். ஸ்டெல்லா அதை விழுங்கிவிட்டு, இனிப்பு இல்லை என்று குறை சொன்னாள். நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐஸ் வரவில்லை. சாறு வந்தது. சுத்தமாகப் பிழிந்தால் அப்படியே குடிக்கலாம், கொதிக்க வைக்கத் தேவையில்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியும் அந்தோணி கேட்கவில்லை. சாத்துக்குடிச் சாற்றை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டார். அது வேம்புபோல் கசந்தது. நாங்கள் மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் குடித்தோம். வேலையை அவரால் விட முடியவில்லை. வேறு வேலை யார் கொடுப்பார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்பு முன்னால் உட்கார்ந்து கையைக் காட்டி வெகுநேரம் சூடாக்குவார். பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். என்னைத் தொடவே இல்லை.

நோய் போய்விட்டது என்று சொல்கிறார்கள். என் உடம்பு அதை இன்னும் முழுதாக நம்பவில்லை. இன்றும் எங்காவது ஒரு கண்ணாடித் தம்ளர் வியர்த்து நின்றால் முதலில் என் கை அதைத் தள்ளிவைக்கும். அதற்குப் பிறகுதான், இது வேறு வருஷம், அவள் வளர்ந்துவிட்டாள் என்பது நினைவுக்கு வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த நாட்களில் ஒரு மாலை. அந்தோணி வழக்கம்போல் அடுப்பு முன்னால் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். காய்ச்சலில் முடி கொட்டிப் போய் மொட்டைத் தலையாக இருந்த ஸ்டெல்லா பின்னாலிருந்து வந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள்.

“சுட வெக்காத நைனா,” என்றாள். “சில்லுனே வையி.”