உள்ளறையிலிருந்து நெட் கேட்டவள்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது என் சித்திக்கு. அவள் எளிதில் பயப்படுகிற ஆள் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே வாடகைக்கு இருந்தபோதுகூட, "அக்கம்பக்கத்துல சத்தமே கிடையாது" என்று மெச்சிக்கொண்டவள். அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் செருப்பைக்கூட மாட்டாமல் அலுவலகத்தை விட்டு ஓடினாள்.

சித்தப்பா போனபிறகு அவளுக்குப் பேச்சுத்துணை இல்லை. பிள்ளைகளும் இல்லை. சமைக்கும்போது பக்கத்தில் குரல் கேட்கட்டும் என்று டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் வேலைக்குப் போனாள். டாக்டர்கள் பேசி அனுப்பும் குரல்பதிவுகளை ஹெட்போனில் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலை. நாள் முழுக்கக் காதில் பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட அவளிடம் பேசியது இல்லை.

அலுவலகம் மாடியில். முன்னறையில் சித்தி மட்டும். உள்ளறையில் மூன்று பேர், மூன்று கம்ப்யூட்டர். நடுவில் தடித்த பழைய சுவர். வைஃபை அதைத் தாண்டாது. இன்னொரு இணைப்பு வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. கடைசியில் உள்ளறைக்காரர்களில் ஒருவன்தான் வழி கண்டுபிடித்தான். எல்லாரும் அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தியின் லேப்டாப் வைஃபையை வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு ஒயர் கதவிடுக்கு வழியாக உள்ளே போகும். அங்கே ஒரு சின்னப் பெட்டி அதை மூன்று கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும்.

"உங்க லேப்டாப் தூங்கினா நாங்க எல்லாரும் அவுட்டு. பாத்துக்கோங்கக்கா," என்றான் ஒல்லி.

அதன்பிறகு அடிக்கடி உள்ளேயிருந்து குரல் வரும். "அக்கா, நெட் போயிடுச்சு." சித்தி ஏதாவது ஒரு பட்டனைத் தட்டுவாள். "வந்துடுச்சுக்கா." அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் தன்னைத் தேடவும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் மாலை, வேலையை முடித்து லேப்டாப்பை மூடினாள்.

"அக்கா... நெட் போயிடுச்சு."

பெண் குரல். மெல்லிய குரல். உள்ளறைக்குப் புதிதாக யாரோ சேர்ந்திருக்கிறார்கள் போல என்று சித்தி நினைத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

"வேலை முடியலையாம்மா?"

"கொஞ்சம் இருக்கு."

பூட்டிய வீட்டுக்கு அவசரமாகப் போய் என்ன செய்யப் போகிறாள்? உட்கார்ந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம். டக்... டக்... டக்... ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பதுபோல. நன்றாக இருட்டிய பிறகு, லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாளும் அதே குரல். அடுத்த நாளும். சித்திக்கு அது பழகிவிட்டது. கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பஸ் கூட்டம், முட்டி வலி, சித்தப்பாவின் குறட்டை என்று என்னென்னவோ. பதில் குறைவாகத்தான் வரும். "ம்." "அப்படியா." "சொல்லுங்கக்கா." வீட்டில் டிவி போடுவதையே மறந்துபோனாள்.

ஆனால் சில விஷயங்கள் உறுத்தின.

அந்தப் பெண் உள்ளே போயோ வெளியே வந்தோ ஒருநாளும் பார்த்ததில்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்ததும் இல்லை.

இன்னொன்று. ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்திருந்தபோதும் அவள் குரல் கேட்டது. டாக்டரின் குரலுக்கு மேலே இல்லை... அடியில். அதே மெல்லிய குரலாக.

ஒருநாள் காலையில் ஒல்லியிடம் கேட்டாள்.

"சாயங்காலம் உள்ள இருக்கிற பொண்ணு யாருப்பா?"

"பொண்ணா? நாங்க மூணு பேருமே ஆம்பளைங்கக்கா. அதுவும் நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே ஓடிடுறோம்."

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை.

அன்றைக்குச் சித்திக்கு வேலை ஓடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "பயமா இருந்துச்சுடா. ஆனா அந்தக் குரல் இல்லாம வீட்டுக்குப் போறதும் ஒரு மாதிரி இருந்துச்சு," என்று என்னிடம் பின்னால் சொன்னாள்.

மாலை மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் சடசடவென்று அடித்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். மூன்று பேரும் படியிறங்குவதைச் சித்தி எண்ணிப் பார்த்தாள்.

பட்டென்று கரண்ட் போனது.

லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்தது. அதையும் மூடினாள்.

"அக்கா... நெட் போயிடுச்சு."

சித்தியின் கை லேப்டாப் மேலேயே நின்றுவிட்டது.

"கரண்ட் இல்லம்மா. உனக்கும் ஓடாதே."

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு...

"எனக்கு ஓடுது."

டக்... டக்... டக்...

செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவைத் தள்ளினாள். கீபோர்டு சத்தம் நின்றது.

மூன்று நாற்காலி. மூன்றும் காலி.

மூன்று திரை. மூன்றும் கறுப்பு.

மேசைக்கு அடியில் அந்தச் சின்னப் பெட்டி. அதில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் இல்லாமல்.

"அக்கா..."

குரல் நாற்காலியிலிருந்து வரவில்லை. எதிர்ச் சுவரிலிருந்து வந்தது. காதை வைத்தால் மூச்சே கேட்கும் போல...

"மூடிடாதீங்கக்கா."

...

"இங்க வேற யாரும் இல்ல."

சித்தி ஓடினாள். எப்படிப் படியிறங்கினாள், எந்த பஸ் ஏறினாள், எதுவும் நினைவில்லை. இரண்டு நாள் காய்ச்சல். அதோடு அந்த வேலைக்குப் போகவில்லை.

சில மாதம் கழித்துக் கடைத்தெருவில் ஒல்லியைப் பார்த்தாள். அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்களாம். அவனாகவே ஆரம்பித்தான்.

"அக்கா, நீங்க ஏன் வேலைய விட்டு நின்னீங்கன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்லணும். ஒயரையெல்லாம் நான்தான் கழட்டினேன். உங்க லேப்டாப்லேர்ந்து வர்ற ஒயர் போக, கம்ப்யூட்டருக்கு மூணு ஒயர்தான் போட்டிருந்தேன். பெட்டியில நாலு இருந்துச்சு."

"நாலாவது?"

"எதிர்ச் சுவத்துக்குள்ள போச்சு. ஓட்டைகூட இல்ல. பூச்சுக்குள்ளேயே போயிருந்துச்சு. பிடிச்சு இழுத்தேன்..."

"அறுந்துடுச்சா?" சித்தியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"இல்லக்கா." ஒல்லி உள்ளங்கையைக் காட்டினான். குறுக்கே ஒயர் அறுத்த தழும்பு. "அந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்துச்சு. என் கையிலேர்ந்து உருவிக்கிட்டு முழுசா உள்ள போயிடுச்சு."

சித்தி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லக்கா. அது கட்டடத்தோட வெளிச்சுவர். அந்தப் பக்கம் வெறும் காத்துதான்."