அரைப்பேர் விளக்கு

டீச்சர் முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்று மேசைமேல் ஒரு சோற்றுப் பெட்டியை வைத்தார். எவர்சில்வர் பெட்டி; மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. மணி பன்னிரண்டரை, எனக்கோ வயிறு கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது. தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோவும் போனும் திருத்துகிற கடை என்னுடையது. வேலை நன்றாக அமைந்துவிட்டால் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து தருகிற மனிதர்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த நினைப்பில், "எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்று ஒப்புக்குச் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே பெட்டி நிறைய ட்ரான்சிஸ்டர். பழைய ரேடியோக்களிலிருந்து பிடுங்கி எடுத்த, மூன்று கால் முளைத்த கறுப்புத் துண்டுகள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுல எது உசுரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு பாத்துக் குடுக்கணும் அண்ணே. இன்னும் ஒரு ஆயிரம் வேணும். கம்ப்யூட்டர் செய்யப்போறேன்" என்றார். நான் சிரித்தேன். மரியாதைக்காகக்கூட அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

டயகமவுக்குப் போகிற வழியில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு டீச்சர். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டர் செத்து, அறையோடு சேர்த்துப் பூட்டுப் போட்டு நெடுநாள் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி ஒருநாள் ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு உள்ள யாரு டீச்சர் கணக்குக் கூட்டுறது?" என்று கேட்டிருக்கிறாள். பதினோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்து போனில் தேடியபோதுதான், உலகத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருப்பது தெரிந்ததாம். கடையில் விற்கிற கம்ப்யூட்டர் வேண்டாம் என்று, ட்ரான்சிஸ்டரை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பிணைத்து, சுவர் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தாங்களே கட்டுகிற ஆட்கள். எதற்கு என்று கேட்டால் சந்தோஷத்துக்கு என்பார்கள். ஒரு ட்ரான்சிஸ்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மின்சாரத்தை விடு, அல்லது நிறுத்து. அப்படி நூற்றுக்கணக்கானவற்றைச் சரியான ஒழுங்கில் நிறுத்தினால் கூட்டல் வந்துவிடும். மறுநாளே வகுப்பில் போய், "நாமளே ஒன்னு செஞ்சு, யாரு கூட்டுறாங்கன்னு கண்ணால பாப்போம்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் சொன்ன சொல். அதன் பிறகுதான் சோற்றுப் பெட்டியோடு என்னைத் தேடி வந்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் டீச்சரும் நானும்தான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை வாங்கி அளவாக அறுத்து, வரிசை வரிசையாகச் சின்ன ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி இழுத்து ஈயம் வைப்போம். அவர் கை வைத்தால் ஈயம் ஒரு சொட்டுப் பளபளவென்று உட்காரும். இருபது வருடத் தொழில்காரனான என் கை வைத்தால் உருண்டை உருண்டையாகத் தொங்கும். அதைப் பார்த்து அவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். போன் திருத்தக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று கத்துவார்கள். என் மனைவி, "அந்த டீச்சருக்கு இருக்குற பைத்தியம் ஒங்களுக்கும் தொத்திக்கிச்சு" என்றாள். தொத்திக்கொண்டது உண்மை. ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளும் முதல் பலகை வேலை செய்த அன்று, பொத்தானை அழுத்தி விளக்கு எரிந்து, கையை எடுத்த பிறகும் அது எரிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை முதலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். ஒரு விளக்கு எரிகிறது என்று சொன்னோம். மனிதர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

முழு இயந்திரத்துக்கும் எட்டு ஞாபக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மதிப்பு: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும். எரிகிற விளக்குகளின் மதிப்பைக் கூட்டினால் விடை. முதல் நான்கு அறை ஒரு பலகையில், அடுத்த நான்கும் இன்னொரு பலகையில். எடு, கூட்டு, வை, காட்டு என்று நான்கு கட்டளை; ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான், ஒரு கம்பி, கம்பியில் மின்சாரம் ஓடுவதைக் காட்ட ஒரு சின்ன விளக்கு. பாகங்களைக் கடையில் பொருத்திப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன முதல் தடவை புகை வந்தது. சரி, முதல் தடவை என்று விட்டோம். இரண்டாம் தடவை காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கப் பன்னிரண்டையும் ஒன்பதையும் கூட்டக் கொடுத்தோம். ஐந்து என்று காட்டியது. பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "பரவாயில்ல டீச்சர்" என்றார்கள், ஒரே குரலில், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "சிரிச்சிருந்தா தேவலங்க அண்ணே. அந்தப் பரவாயில்லங்குறதத்தான் தாங்க முடியல. நம்மளால முடியாதுன்னு அதுகளுக்கு முன்னமே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். பதுளைப் பக்கம் மாற்றல், பள்ளித் தவணை முடிந்ததும் போக வேண்டும். கையில் இருந்தது இரண்டு வாரம். அந்தப் பிள்ளைகளின் மனதில் 'பரவாயில்ல'வை விட்டுவிட்டுப் போகப் போகிறேனா என்று கேட்டபோது அவர் கண் கலங்கியது. எனக்கு அவரைவிட அதிகமாகக் கலங்கியது, ஆனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரைத் துடைத்தேன்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு விசித்திரம் இருந்தது: மதியத்தில் உண்மை பேசும், காலையில் பொய் சொல்லும். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டேன். ஈரம்! எங்கள் ஊர்ப் பனி ஆணியில் இறங்கியிருக்கிறது, பலகை நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். மனைவியின் முடி காயவைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் போன நேரம் தவிர இயந்திரம் இருந்தது அங்கேதான்; முன்னறைச் சுவர் முழுக்க நின்றது. சூடான காற்றை அடித்ததும் விடை சரியாக வந்தது. "பாத்தீங்களா டீச்சர்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பத்து நிமிடத்தில் பலகை ஆறியது. பன்னிரண்டும் ஒன்பதும் மறுபடி ஐந்து. திரும்பச் சூடு காட்டினேன், திரும்பச் சரி. ஆறினால் தப்பு. இப்படியே நான் அடித்துக்கொண்டிருக்க, டீச்சர் 'வை' என்ற கட்டளைப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க, காலைப் பொழுது பாதி போய்விட்டது.

அதே வீட்டில் இருக்கும் டீச்சரின் அக்கா, அந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். அந்தச் சுவரில் சாமிப் படம் மாட்ட இடமில்லாமல் போனதிலிருந்து இயந்திரத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவர், போகிற போக்கில் நின்றார். "ஏன் தம்பி, மத்ததெல்லாம் முழுசா எரியுது. இந்த ஒன்னு மட்டும் என்னா, அரைப்பேரா?" என்றார்.

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். அந்தச் சொல்லைக் கேட்டு வளராதவர்கள் எங்கள் பக்கம் யாரும் இல்லை. அக்கா விரல் நீட்டிய இடத்தில் 'வை' கம்பியின் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்திருக்கிறேன், பழைய விளக்கு, கிழடு தட்டிவிட்டது என்று விட்டுவிட்டேன். டீச்சரோ விடை காட்டும் எட்டு விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"இவனுக்கு என்னா வேல?" என்று அக்கா கேட்டார்.

"எட்டு அறையையும் கூப்புட்டு, வந்த எண்ண வாங்கி வச்சுக்கன்னு சொல்றது" என்றார் டீச்சர்.

"எட்டுக்கும் இவன் ஒருத்தனா? அடியே, நீயெல்லாம் படிச்சவளா? ஒத்த ஆளுகிட்ட எட்டு ஆளு வேலயக் குடுத்தா அரைப்பேருதான் விழும். அதுவும் இந்தக் காலைக் குளுருல! இன்னும் ரெண்டு ஆளப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். மீட்டரை வைத்தால், ஐந்து வோல்ட் காட்ட வேண்டிய கம்பியில் இரண்டு சொச்சம். விஷயம் அவ்வளவுதான். எட்டு அறைக்கும் பங்கு போட்டு அந்த ஒரு கம்பியின் பலம் வற்றிவிட்டது. குளிரில் ட்ரான்சிஸ்டருக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். அது கிடைக்காததால் இரண்டாவது பலகையின் நான்கு அறைகள் கட்டளையை வாங்கவே இல்லை. இருபத்தொன்றில் பதினாறு காணாமல் போய் ஐந்து மிஞ்சியது அப்படித்தான். ஈரமாவது பனியாவது! முடி காயவைக்கும் மெஷினை நான் மெதுவாக என் பைக்குள் தள்ளினேன். பலகைக்கு ஒன்றாக இரண்டு ட்ரான்சிஸ்டரை டீச்சர் ஈயம் வைத்தார். ஆளுக்கு நான்கு அறை என்று வேலை பிரிந்தது. ஆறிய பலகையில் பன்னிரண்டையும் ஒன்பதையும் போட்டோம். இருபத்தொன்று. டீச்சர் அடுப்படிக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதும், "விடுடி, சட்டி கவுந்துரும்!" என்று அக்கா அலறியதும் முன்னறைக்குக் கேட்டது. நான் தனியாக நின்று அந்த மங்கல் தீர்ந்த விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கையில் இருக்கிற போனுக்குள் இருக்கும் ட்ரான்சிஸ்டர்களை எண்ண ஒரு ஆயுசு போதாது என்கிறார்கள். நாள்தோறும் நாலைந்து போனைத் திறந்து மூடுகிறேன், ஒன்றும் தோன்றுவதில்லை. டீச்சர் பதுளைக்குப் போய்விட்டார், பண்டிகைக்குப் பண்டிகை பேசுவோம். ஆனால் மின்சாரம் என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் என்று அடித்துச் சொல்வேன்.

அந்தத் தவணையின் கடைசி நாள், காலைக் கூட்டம். விரல் விறைக்கிற குளிர். அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகாமல், நல்ல சேலை உடுத்திக்கொண்டு மரத்தடியில் நின்றார். டீச்சர் யாராவது இரண்டு எண் சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; டீச்சரை இன்னொரு தடவை வெட்கப்படுத்த அவர்களுக்கு மனமில்லை என்று எனக்குப் பட்டது. கடைசியில், யார் கூட்டுவது என்று அன்றைக்குக் கேட்ட அதே சிறுமி, "முப்பத்தேழு, இருபத்தாறு" என்றாள். டீச்சர் எண்களைப் போட்டார். எடு. கூட்டு. வை. காட்டு.

எட்டில் ஆறு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒன்று விடாமல், இடைவெளி இல்லாமல். போச்சு, எங்கேயோ கம்பி கம்பியோடு ஒட்டிவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு ஒழுங்காக அடுத்தடுத்து எரிந்தால் அது விடையாகவா இருக்கும்? முன்வரிசையில் ஒரு பையன் "பரவாயி" என்று தொடங்கிவிட்டான். டீச்சரின் கை பொத்தானிலேயே நின்றது. அந்தச் சிறுமி மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள்.

"அறுபத்தி மூணு" என்றாள். "சரி டீச்சர்."

"என்னா சொன்ன?"

"சரிங்க டீச்சர்."

"இன்னொருக்கா சொல்லு."

டீச்சர் தன்னை நம்பவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வரிசையை விட்டு வெளியே வந்து, இயந்திரத்தின் முன்னால் நின்று, விளக்கு விளக்காக விரல் வைத்து, "முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நாலு, ரெண்டு, ஒன்னு" என்று உரக்கக் கூட்டினாள். பிறகு திரும்பி, கொஞ்சம் கோபமாகவே, "சரியாத்தான் இருக்கு டீச்சர். நீங்களே வந்து எண்ணிப் பாருங்க" என்றாள்.