ஆடாத கத்தி

சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட என் வூட்டுக்காரர் என்னை விட்டதில்லை. "உனக்கு இன்னா தெரியும்?" என்பார். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்த சமயம், பழைய சவரக் கத்தியும் பிடியில் ஆணி தேய்ந்து ஆட ஆரம்பித்தது. புதுசு வேண்டாம் என்றார். ஆடுகிற கத்தியைக் கழுத்தில் வைக்கவும் முடியாது.

கள்ளக்குறிச்சி போய்ப் பித்தளைக் கம்பி வாங்கி வந்தேன். தேய்ந்த ஆணியை அரத்தால் ராவித் தள்ளிவிட்டு, கம்பியைக் கோத்துத் தட்டினேன். இறுகிப்போய்க் கத்தி திறக்கவே இல்லை. விடுவேனா? மறுபடி ராவினேன். இந்தத் தடவை கத்திக்கும் பிடிக்கும் நடுவில் கேலண்டர் தாளை வைத்துத் தட்டி, பிறகு தாளை உருவினேன். லேசாகத் திறந்தது.

அவர் இடது கையால் விரித்துப் பார்த்தார். என்னிடமே நீட்டினார்.

"நீயே வழிச்சிவுடு."

தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினார். சோப்பு தடவி, கத்தியைக் கழுத்தில் வைத்தேன். கத்தி ஆடவில்லை.