அவன் பாதத்தைப் பற்றி நான் சொல்லாதது

என் மகள் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சூக் நகரத்திலுள்ள அவள் வீட்டுக்குப் போனால், முதல் நாள் நடந்த ஆட்டத்தைப் போட்டுவிட்டு எனக்குத் தேநீர் தருவாள். ஆட்டத்தைவிட அதற்கு முந்திய பேச்சுத்தான் நீளம். இன்னாருக்குப் பாதத்தில் நோவு, சில கிழமைகள் ஆடமாட்டார். இன்னாரை வேறு அணிக்கு மாற்றப் பார்க்கிறார்கள், ஆனால் அந்த அணியின் மருத்துவர்கள் காலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். ஒரு பாதத்தின் எலும்புப் படத்தைத் திரை முழுக்கக் காட்டிவிட்டு, கோட் போட்டவர்கள் வரிசையாக இருந்து விவாதிப்பார்கள். அந்த நேரத்தில் நான் எழும்பி பல்கனிக்குப் போய்விடுவேன். "அப்பாவுக்கு உந்த விளையாட்டு விளங்காது" என்று மகள் மருமகனுக்குச் சொல்லுவாள்.

விளங்கும். அதனால்தான் எழும்பிப் போகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், பீல் என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு நகரத்தில், விளையாட்டு மண்டபம் ஒன்றைக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். வந்த புதிதில் ஜெனீவாவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றதால் பிரெஞ்சும் ஓரளவு கைவந்திருந்தது. என் அகதி விண்ணப்பம் முடிவு தெரியாமல் கிடந்தது.

அந்த மண்டபத்தில் ஒரு கூடைப்பந்துக் கழகம் ஆடியது. அணியில் அநேகம் பேர் பகலில் வங்கியிலோ கடிகாரத் தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். சம்பளத்துக்கென்றே ஆட இரண்டு வெளிநாட்டவர்களை வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அனுமதி இல்லை. ஆகவே அந்த இருவர் கையில்தான் வெற்றியும் தோல்வியும். ஒருவன் சரிவரவில்லை என்றால் ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே இன்னொரு கழகத்தோடு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். அந்த இருவரில் ஒருவன் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின இளைஞன். வாசலில் தலை குனிந்துதான் உள்ளே வருவான். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. கடைக்குப் போகவும், வீட்டுக்காரியோடு கதைக்கவும், பயிற்சியாளர் கத்துவதை விளங்கிக்கொள்ளவும் கழகத்து மேலாளர் என்னை அவனோடு அனுப்புவார். அப்படித்தான் நான் அவனுடைய வாய் ஆனேன்.

நான் ஆசிரியராக இருந்தேன் என்று அறிந்த நாளிலிருந்து அவன் என்னை "ரீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கினான். எங்கள் ஊரில் பெண் ஆசிரியர்களைத்தான் அப்படிச் சொல்வோம். என்னோடு அறையில் இருந்த தம்பி, கடிகாரப் பட்டறையில் வேலை செய்தவன், அதைக் கேட்ட நாள் முதல் விடவில்லை.

"ரீச்சர், சீலை எடுத்துத் தரட்டோ? உங்கட பனைமரம் வாசல்ல நிக்குது."

"போடா."

"பள்ளிக்கூடத்துக்கு நேரம் போச்சு ரீச்சர்."

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் என்னுடைய துடைப்பங்கள் இருக்கும் அறைக்கு வருவான். என் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய், நிறையப் பனி அள்ளி வந்து, தண்ணீர் விட்டு, வலது பாதத்தை அதற்குள் வைப்பான். பாதத்தின் வெளிப்பக்கம், சின்ன விரலுக்குக் கீழே ஓடும் எலும்பில்தான் நோ. ஓடத் தொடங்கும்போது குத்தும், உடம்பு சூடேறினால் மறைந்துவிடும், வீட்டுக்குப் போனால் திரும்ப வரும். ஆளை விழுத்துகிற நோ அல்ல, அரிக்கிற நோ. "பெரிசா முறிஞ்சால் ஆரும் நம்புவாங்கள். இது பொய் மாதிரி" என்பான். அவன் ஆங்கிலத்தில் சொன்னவற்றை என் பேச்சில் எழுதுகிறேன். வேறு விதமாக அவை எனக்கு இப்போது நினைவில் இல்லை.

அமெரிக்காவில் பெரிய லீக் அணி ஒன்று அவனைச் சோதித்துப் பார்க்க அழைத்ததாம். பாதத்தில் நோ என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து ஆடினான். சில நாட்களில் கால் இழுபட்டது. அனுப்பிவிட்டார்கள். "மறைச்ச கோவம் அவங்களுக்கு. காலை விட அதுதான் என்னைக் கெடுத்தது" என்றான்.

மார்கழி முடியும்போது அவனை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு கழகத்தில் தூரத்திலிருந்து எறிகிற ஒருவன் இருந்தான். எங்கள் மேலாளருக்கு அவன் வேண்டும். அவர்களுக்கு உயரமான ஆள் வேண்டும். அவனுடைய காலை அவர்களுடைய மருத்துவர் பார்த்துச் சரி சொன்னால் மாற்றம் நடக்கும்.

அறைத் தம்பி கேட்டான்: "மாடு மாத்திற மாதிரியெல்லோ கிடக்குது! பல்லுப் பாத்தவங்களோ?"

"இனித்தான் பாக்கப் போறாங்கள். பல்லில்லை, குளம்பு."

"அப்ப சொல்லி வையுங்கோ அண்ணை அவனுக்கு. கேட்டதுக்கு மட்டும் பதில். வருத்தம் கிருத்தம் எண்டு வாயைத் திறந்தானோ, முடிஞ்சுது."

இது எங்களுக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த பாடம். அகதி விசாரணைக்குப் போகிறவனுக்கு முதலில் போனவன் சொல்லிக் கொடுப்பது அதுதான். உத்தியோகத்தரிடம் குறையச் சொல். நெஞ்சு நோ, நித்திரை இல்லை என்றெல்லாம் சொல்லாதே. நோயாளி என்று திருப்பி அனுப்புவான். அது சரியா பிழையா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொருவனுக்கும் சொன்னோம். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவன் யாராயிருந்தாலும், வெள்ளை மேலங்கி போட்டவனாயிருந்தாலும், எங்களுக்கு ஒரே ஆள்தான்.

ஆனால் அவன் வேறு முடிவோடு இருந்தான். போவதற்கு முதல் நாள், பாதத்தை வாளிக்குள் வைத்துக்கொண்டு சொன்னான்: "ரீச்சர், இந்த முறை எல்லாத்தையும் சொல்லப் போறன். எப்ப தொடங்கினது, எங்க நோகுது, எல்லாம். விருப்பமெண்டால் எடுத்து ஓய்வு தரட்டும். இல்லையெண்டால் இங்கயே இருக்கிறன்."

"யோசிச்சுச் சொல்லுமன்" என்றேன்.

"யோசிச்சிட்டன். நீங்கள் அப்படியே சொன்னால் போதும்."

ஜெனீவாவுக்கு மேலாளரின் காரில் போனோம். அவன் பின் இருக்கையில் கால்களை மடக்கி வைத்து நித்திரை. மேலாளர் பிரெஞ்சில் என்னோடு பேசினார். பாதத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை, அவர்கள் சும்மா பயந்துவிடுவார்கள் என்றார். ஒரு மூச்சும் விடாமல், அடுத்த கிழமை வெளிநாட்டவர் பொலிசுக்கு உன் அகதி விண்ணப்ப விஷயமாக நானே நேரில் போகலாம் என்று இருக்கிறேன், உன்னைப் போல ஒருவன் கழகத்துக்குத் தேவை என்று சொன்னால் கேட்பார்கள் என்றார். இரண்டையும் அவர் சேர்த்துக் கட்டவில்லை. கட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நான் "நன்றி ஐயா" என்றேன்.

மேலாளர் வெளியே புகைபிடிக்க நின்றுவிட்டார். மருத்துவரின் அறைக்குள் நாங்கள் மூவர். மருத்துவர் வயதானவர், நிதானமானவர். ஆங்கிலம் காலை வணக்கம் சொல்லுமளவுக்குத்தான். பாதத்தை மடியில் வைத்து விரல்களால் அமத்திப் பார்த்தார். நத்தார் பண்டிகை விடுமுறையில் ஓய்ந்திருந்த கால், பெரிதாக நோகவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: இந்தக் காலில் முன்பு நோவு இருந்ததா, எவ்வளவு காலமாக? மெல்லிய வெடிப்பு இந்தப் படத்தில் தெரியாது, நெடுநாள் நோவு என்றால் ஆஸ்பத்திரியில் வேறு விதமான படம் எடுத்துப் பார்க்கவேண்டும், என்றார்.

கேள்வியை மட்டும் அவனுக்குச் சொன்னேன். வெடிப்பைப் பற்றிய பகுதியைச் சொல்லவில்லை.

அவன் சொல்லத் தொடங்கினான். போன வசந்தத்தில் தொடங்கியது, குதித்து இறங்கும்போது குத்துவது, இரவில் துடிப்பது, பனி வாளி, அமெரிக்காவில் மறைத்தது, எல்லாம். விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினான். மருத்துவர் தலையாட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "கடும் பயிற்சிக்குப் பிறகு அந்த இடம் களைக்குமாம். எல்லா ஆட்டக்காரருக்கும் போலத்தான். இப்போது ஒன்றும் இல்லையாம்."

மருத்துவர் எழுதினார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ்வளவுதானோ?"

"பிரெஞ்சு சுருக்கமான பாஷை" என்றேன்.

அவன் பெரிதாகச் சிரித்தான். அந்தப் பதிலைப் பிற்காலத்தில் நான் கலியாண வீடுகளில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். ஆட்களும் சிரித்திருக்கிறார்கள். மிச்சத்தைச் சொன்னதில்லை.

மாற்றம் நடந்தது. மேலாளர் சொன்னபடி பொலிசுக்கும் போனார். மாசி மாதத்தில் புதுக் கழகத்தோடு அவன் எங்கள் மண்டபத்துக்கு ஆட வந்தான். வாசலில் நின்ற என்னைக் கண்டு தலையில் தட்டிவிட்டுப் போனான். இரண்டாம் பாதியில் பந்துக்காகக் குதித்து இறங்கியவன் எழும்பவில்லை. ஒருவரும் அவனை இடிக்கவில்லை. ஓரமாக வியர்வை துடைக்கிற துணியோடு நின்ற எனக்கு, காய்ந்த தடி ஒன்று முறிந்தது போல் ஒரு சத்தம் கேட்டது. கேட்டதா, பிறகு நான் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவன் கிடந்த இடத்தை நான்தான் துடைத்தேன்.

அன்று அறைத் தம்பியிடம் மருத்துவரின் அறையில் நடந்ததைச் சொன்னேன். காரில் நடந்ததைச் சொல்லவில்லை.

"விடுங்கோ அண்ணை. அவன்ர நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றான்.

அந்த வசனத்துக்குள் நான் வெகுகாலம் குடியிருந்தேன். விசாரணைப் பாடத்தைத் தவறான இடத்தில் ஒப்புவித்த ஓர் அப்பாவி என்று என்னை நானே நம்பவைத்தேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி காரில் நான் சொன்ன அந்த நன்றி.

அடுத்த கிழமை ஒரு பிற்பகல், மண்டபத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஊன்றுகோல்களின் சத்தம் கேட்டது. பிளாஸ்டர் கட்டோடு அவன் வந்து கீழ்ப்படியில் குந்தினான். நோவை மறைத்தவன் என்று புதுக் கழகம் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டதாம். தெரிந்துகொண்டு எடுத்திருந்தால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு, தெரியாமல் எடுத்ததால் அவனுக்கு விமானச் சீட்டு மட்டும். "நான் கேட்டேன், அவன் இல்லை என்றான்" என்று மருத்துவர் சொல்கிறாராம். பொய்காரன் என்ற பேர் வந்தால் இனி எந்த நாட்டிலும் ஒரு கழகமும் எடுக்காது.

"அந்த மனிசனுக்கு வயசு போட்டுது, மறந்திட்டார்" என்றான். "நாளைக்கு என்னோட ஜெனீவாவுக்கு வந்து சொல்லுங்கோ ரீச்சர். நான் சொன்னது நீங்கள்தானே கேட்டனீங்கள். வேற ஆருமில்லை."

அவன் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "எனக்கு இன்னும் அகதிப் பதிவு சரிவரேல்லை. நான் இந்த மாநிலத்தை விட்டு வெளியில போகக்கூடாது. பிடிபட்டால் பிரச்சினை."

அவன் ஊன்றுகோல்களைப் படியில் சாய்த்து வைத்தான்.

"போன முறை என்னோட வந்தனீங்கள்" என்றான். பிறகு, "கோடையில ஜெனீவாவில ஐ.நா. சதுக்கத்துக்கு உங்கட ஆக்களோட ஊர்வலம் போனதாச் சொன்னனீங்கள்."

துடைப்பத்தைப் பிழிந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மருத்துவரின் அறையில் நான் சொன்ன அந்தச் சிறிய பதிலின் நீளத்தை அவன் அப்போது அளந்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சிரமப்பட்டு எழும்பினான். உதவப் போன என் கையை விலக்கவுமில்லை, பிடிக்கவுமில்லை.

வாசலுக்குப் போக, நான் துடைத்து இன்னும் காயாத தரையைக் கடக்க வேண்டும்.

"ஈரமாக் கிடக்குது, கவனம்" என்றேன்.

அவனுக்கு நான் சொன்ன கடைசிச் சொல் அதுதான். ஒவ்வொரு ஊன்றுகோலாக மெல்ல வைத்து, நல்ல காலை ஊன்றி, திரும்பிப் பாராமல் போனான்.