ரஞ்சிதம் அக்கா தோற்ற பந்தயங்கள்

பால் வாங்கப் போன என் கணவர் திரும்பி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "பாத்திரக் கடை அக்கா தூக்கத்திலேயே போய்ட்டாங்களாம்." ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். ஆவடியில் முடக்குவாத டாக்டரின் பெஞ்சில் என்னோடு காத்திருந்த உங்களுக்கெல்லாம், ரஞ்சிதம் அக்கா என்றதும் முதலில் சிரிப்புதான் வரும். வரட்டும்.

கோவில்பதாகையில் கல்யாண அண்டாக்களை வாடகைக்கு விட்டவர். ஒரு காலத்தில் முடக்குவாதத்தால் கரண்டிகூடப் பிடிக்க முடியாதிருந்து, தங்க உப்பு கலந்த மருந்தான தங்க ஊசி போட்டு மீண்டவர். அதிலிருந்து தானாகவே ஒரு கணக்குக் கண்டுபிடித்து வைத்திருந்தார்: யார் போட்டால் நகை கருக்காதோ, அவருக்குத் தங்க ஊசி கேட்கும்.

நான் முதன்முதலில் அந்த டாக்டரிடம் போனபோது மகளுக்கு ஒன்றரை வயது, பால் மறந்திருந்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கி, என்னால் அவளைத் தூக்க முடியாது, அவள் கவுனுக்குப் பொத்தான் போட முடியாது. என்னிடம் கை நீட்டிக்கொண்டிருந்தவள், மெல்ல மெல்ல அப்பாவிடமே போகப் பழகிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னா பாப்பா, தோடு கருக்குதா?" என்றார் அக்கா.

"இல்லீங்க."

"அப்போ ஒனக்குத் தங்க ஊசி கேக்கும். கேக்கலன்னா பெஞ்சு மொத்தத்துக்கும் என் பக்கோடா!"

உள்ளே போய் இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். "யாருக்கு எது கேக்கும்னு முன்னாடியே சொல்ற டெஸ்ட் எங்ககிட்டயே இல்லம்மா. போட்டுப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும்."

போட்டுப் பார்த்தோம். சில மாதங்களில் உடம்பெல்லாம் தடிப்பு வந்ததுதான் மிச்சம். அக்கா பக்கோடாப் பொட்டலங்களோடு வந்தார். பெஞ்சே தின்றது. நான் மட்டும் அழுதேன். டாக்டர் அடுத்து எழுதியது, வாரம் ஒருமுறை போடும் மாத்திரை. அக்காவுக்கு முன்பு கேட்காமல் போன அதே மாத்திரை.

"உங்களுக்கே கேக்கலையே அக்கா?"

"எனக்குக் கேக்கல. அதுக்கு நீ ஏன் அழுவுற? என் ஒடம்பு இன்னா உன் ஊட்லயா கீது?" என்றவர், கண்ணைச் சிமிட்டினார். "சரி, பந்தயம். ஒனக்கும் கேக்காது."

பக்கத்திலிருந்த அம்மாள் என் காதைக் கடித்தார்: "பயப்படாதே. அவ சொன்னது என்னிக்கு நடந்திருக்கு?"

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு காலையில், கவுனின் பொத்தான்களை யோசிக்காமலேயே போட்டு முடித்திருந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்காவின் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "தோத்துட்டேன்டி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். தோற்ற ஒருவர் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வாரம் அந்த பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு புதுப் பெண். "எனக்கு எந்த மருந்துங்க கேக்கும்?" என்றாள். என் கண் தானாக அவள் தோட்டுக்குப் போயிற்று. பெஞ்சு சிரித்துவிட்டது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தோற்பதற்கென்றே வைக்கும் அந்தப் பந்தயம்தான்.

"ஒண்ணும் கேக்காது. தோத்தா என் பக்கோடா," என்றேன்.

அவள் மிரண்டு விழித்தாள். "ஏங்க எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"சொல்றேன். முதல்ல குழந்தையை இப்படிக் குடு," என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.