உட்காராத நடத்துநர்

திருப்பனந்தாள் கடைவீதியை விட்டுப் பேருந்து நகர்ந்ததும் இளவழகன் வலது காலைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கும் தகரத் திட்டில் வைக்கிறார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் இரண்டு அழுத்து. கால் இறங்குகிறது. கம்பியைப் பிடித்து இடப்பக்கம் சாய்கிறார். சரிப்படவில்லை, வலப்பக்கம். பிறகு டிக்கெட் கொடுக்கப் புறப்பட்டுவிடுகிறார். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பின்னும் வேலையில்லாமல் ஒரு நடை முன்னால் போய்த் திரும்புகிறார்.

பின்வாசலோரம் நடத்துநருக்கென ஓர் ஒற்றை இருக்கை உண்டு. அதில் கும்பகோணம் வரை யாராவது இருப்பார்கள், அவரைத் தவிர. கைக்குழந்தையோடு ஒரு பெண் தயங்கினால், "உக்காருங்கக்கா. நான் உக்காந்தா பஸ்ஸு ஒரு பக்கமா சாஞ்சிரும்" என்பார். ஆள் ஒல்லி. அதனால் அந்த நகைச்சுவை தினமும் செல்லுபடியாகிறது.

நாற்பத்து மூன்று வயது. விசிலை வாயோரத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுவார். படியில் தொங்கும் கல்லூரிப் பையன்களிடம், "என்ன கலெக்டர், அங்கதான் ஆபீஸா?" பேருந்து நின்றால் முதலில் குதிப்பவர் அவர், கிளம்பினால் கடைசியில் ஏறுபவரும் அவரே. அவர் நிலையாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றே சில நாள் புத்தகத்தை மூடிவைத்துப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

கால்வலி பேருந்துக்கே தெரிந்த விஷயம். தைல வாசனை அவருக்கு முன்னால் வரும். கீரைக்கட்டுகளோடு ஏறும் ரெத்தினம் அக்கா ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"பொழுதன்னிக்கும் தேய்க்கிறியே, டாக்டர்ட்ட காட்டுனியா?"

"பஸ்ஸுல பொழைக்கிறவனுக்கு இதெல்லாம் சொத்துக்கா. டிரைவருக்கு இடுப்பு, எனக்கு முட்டி. பாகம் பிரிச்சாச்சு."

ஓட்டுநர் மருதையன் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். "என் இடுப்ப ஏன்டா இழுக்குற? ராத்திரி நான் படுத்தா அதுவும் படுத்துரும்."

"எனக்கு நான் படுத்தாதாண்ணே அது எந்திரிக்கிது."

பேருந்து சிரித்தது. ரெத்தினம் அக்கா சிரிக்கவில்லை. "வீங்கியிருக்குடா. பாதி எலுமிச்சம்பழத்த ஒட்டவச்ச மாதிரி இருக்கு."

"பங்குனி முகூர்த்தம் முடியட்டும்க்கா. இப்ப லீவு போட்டா வேற ஆள ஏத்திருவாங்க. அப்பறம் இந்த ரூட்டு எனக்கில்ல."

ஒரு மார்கழிக் காலை. கும்பகோணத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், நான் கடைசி. யாரும் இல்லையென்று நினைத்து இளவழகன் தம் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சு ஒன்று போய் வருவதற்குள் எழுந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "சீட்டு சூடு தம்பி" என்றார். கண்ணாடிகளில் பனி வழிந்துகொண்டிருந்தது.

பங்குனி முடிவதற்குள் அது நடந்தது. சோழபுரத்தில் பேருந்து நின்றிருந்தது. கீழே நின்ற ஒருவரின் அரிசிப் பையை வாங்க இறங்கினார். வழுக்கவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. வெறும் ஒரு படி. வலது கால் மடங்கியது. வாயில் விசில் இருந்ததால் வலியில் விட்ட மூச்சு இரண்டு விசிலாக வெளியே வர, மருதையன் வழக்கம்போல வண்டியை எடுக்கப் பார்த்தார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு மருதையனோடு நானும் போனேன். கட்டிலருகே நின்றிருந்த இளவழகனின் மனைவி குந்தவை தணிந்த குரலில் சொன்னார். எலும்பிலேயே கட்டி. துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அது உள்ளே அரித்திருந்ததால்தான் ஒரு படிக்கே எலும்பு முறிந்ததாம். "வேலை செஞ்ச வலின்னா படுத்தா கொறையணும், ராத்திரி கூடுற வலிய இத்தன மாசம் ஏன் வச்சிருந்தீங்கன்னு டாக்டரு கேக்குறாரு. என்னத்தச் சொல்ல?" கட்டியை மட்டும் எடுத்துக் கம்பி வைக்க முடியுமா, காலையே எடுக்க வேண்டுமா என்பது அடுத்த ஸ்கேனுக்குப் பிறகுதான் தெரியும்.

இளவழகன் தூங்கிக்கொண்டிருந்தார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அவர் ஒரு எடத்துல உக்காரவே மாட்டாரே" என்றேன்.

குந்தவைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் விழித்துவிடக்கூடாதென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவுங்களா? சரியான தூங்குமூஞ்சி தம்பி. கல்யாணத்தன்னிக்கு மணையிலயே அசந்துட்டாங்க. ஐயரு தொடையில தட்டி எழுப்பித் தாலியக் குடுத்தாரு."

"நம்ம வண்டியிலயும் அப்படித்தான்" என்றார் மருதையன். "சீட்டுல உக்காந்தா சோழபுரத்துக்குள்ள கொறட்டை. ஐப்பசிலேர்ந்துதான் நிக்க ஆரம்பிச்சான். திருந்திட்டான்னு மொதலாளி பொங்கலுக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தாரு."

எனக்குக் கும்பகோணத்தில் வேலை கிடைத்து, அந்தப் பேருந்தில் ஏறத் தொடங்கியது கார்த்திகையில்.